பிரெஞ்ச் ஃப்ரைஸ் நமுத்தால், கருகினால், எண்ணெய் குடித்தால்: எதை முதலில் பார்ப்பது

"அக்கா, இன்னைக்கும் நமுத்துப் போச்சு."

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் தங்கையிடமிருந்து போன் வந்தால் செய்தி இதுதான். அவள் வீட்டில் இரண்டு பிள்ளைகள், எங்கள் வீட்டில் இரண்டு, மேல்மாடியில் மூன்று. கடையில் தின்ற ஃப்ரைஸ் மாதிரியே வீட்டிலும் வேண்டும் என்று ஏழு பேருக்கும் ஒரே பிடிவாதம். ஆறேழு வருடமாக நான் செய்து செய்து பார்த்ததையும், மற்றவர்கள் வாணலியை எட்டிப் பார்த்துத் திருத்தியதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

உங்கள் தட்டில் என்ன கோளாறு தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேரே போய்விடலாம். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில் வரும், செலவு வைக்கும் காரணம் கடைசியில். தயவுசெய்து அந்த வரிசையிலேயே பாருங்கள். என் தங்கை முதலில் புது வாணலி வாங்கினாள், அப்புறம் எண்ணெயை மாற்றினாள். தப்பு கிழங்கில் இருந்தது.

## ஒப்பிட்டுப் பார்க்க ஒரு முறை

இதிலிருந்து எங்கே விலகுகிறீர்களோ அங்கேதான் பெரும்பாலும் பிழை இருக்கும்.

பெரிய, நீளமான கிழங்கைத் தோல் சீவி, சுண்டுவிரல் தடிமனுக்கு, சுமார் 1 சென்டிமீட்டர், ஒரே அளவாக நறுக்குங்கள். பச்சைத் தண்ணீரில் அலசி அரை மணி நேரம் ஊறவிட்டு, துணியில் ஒற்றி உலர்த்துங்கள். முதல் பொரிப்பு 150 டிகிரி செல்சியஸ் எண்ணெயில் ஐந்தாறு நிமிடம். உள்ளே வெந்திருக்க வேண்டும், நிறம் மாறக்கூடாது. எடுத்துப் பரப்பி அரை மணி நேரம் ஆறவிடுங்கள். இரண்டாவது பொரிப்பு 180 டிகிரியில் இரண்டு மூன்று நிமிடம், பொன்னிறம் வரும்வரை. பெல்ஜியத்து ஃப்ரைஸ் கடைகளிலும் இப்படி இருமுறைதான் பொரிக்கிறார்கள். அங்கே பழைய வழக்கம் மாட்டுக் கொழுப்பு. நமக்கு ரீஃபைண்ட் கடலெண்ணெயோ சூரியகாந்தி எண்ணெயோ தவிட்டு எண்ணெயோ போதும்.

## எடுக்கும்போது மொறுமொறு, ஐந்தே நிமிடத்தில் நமுத்துவிடுகிறது

அதிகம் பேர் கேட்பது இதைத்தான்.

### எடுத்து எதில் போடுகிறீர்கள்?

அடுப்பைப் பார்ப்பதற்கு முன்னால் பாத்திரத்தைப் பாருங்கள். ஆழமான கிண்ணத்தில் டிஷ்யூ பேப்பர் விரித்துக் குவித்தால், அடியில் கிடப்பவை தங்கள் ஆவியிலேயே நனைந்துவிடும். ஹாட்பாக்ஸில் போட்டு மூடினால் கேட்கவே வேண்டாம். இரண்டு நிமிடம் கழித்து மூடியைத் திறந்து அதன் உள்பக்கத்தைப் பாருங்கள், முத்து முத்தாய் நீர் கோத்திருக்கும். அத்தனையும் ஃப்ரைஸிலிருந்து கிளம்பிய நீர்தான், திரும்ப அதன் தலையிலேயே சொட்டும்.

கம்பி வலைத்தட்டு இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் பெரிய கண் சல்லடையைக் கவிழ்த்து, அதன்மேல் ஒற்றை அடுக்காகப் பரப்புங்கள். கீழேயும் காற்று போக வேண்டும். விருந்தாளி வரத் தாமதமானால் இரண்டாவது பொரிப்பைத் தள்ளிப் போடுங்கள். முதல் பொரிப்பு முடிந்த கிழங்கு வெளியே இரண்டு மணி நேரம் வரை இருக்கலாம். ஃப்ரிட்ஜில் மூடி வைத்தால் மறுநாள் வரை தாங்கும். பிள்ளைகளின் டிபன் பாக்ஸுக்கு மட்டும் ஃப்ரைஸ் கட்டாதீர்கள். மூடிய டப்பாவில் நாலு மணி நேரம் தாங்கும் பக்குவம் எனக்குத் தெரிந்து கிடையாது.

### ஈரம் போயிருக்கிறதா?

வடிகட்டியில் வடித்ததும் அப்படியே எண்ணெயில் போடுகிறவர்கள் நிறைய. பழைய வேட்டித் துணியில் பரப்பி, மேலே இன்னொரு துணி போட்டு ஒற்றி, மின்விசிறிக்கு அடியில் பதினைந்து நிமிடம் விடுங்கள். அப்புறம் ஒரு துண்டைத் தொட்டுப் பாருங்கள். வழுவழுவென்று இருந்தால் இன்னும் ஆகவில்லை. காகிதத்தைத் தொட்ட மாதிரி சொரசொரப்பாக இருந்தால் சரி.

### ஒரே தடவையில் முடித்துவிடுகிறீர்களா?

ஒரே சூட்டில் ஒரே முறை பொரித்தால் மேல்தோல் மெலிசாகத்தான் இறுகும். உள்ளே இருக்கும் ஈரம் அதை ஐந்து நிமிடத்தில் ஊறவைத்துவிடும். இரண்டு தடவைக்கு நேரமில்லை என்றால் அன்றைக்கு உருளை வறுவல் செய்யுங்கள், அதுவும் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். அரைகுறையாக ஒருமுறை பொரித்து எண்ணெயை வீணாக்க வேண்டாம்.

### ஒரு ஈட்டில் எவ்வளவு போடுகிறீர்கள்?

ஒரு லிட்டர் எண்ணெய்க்குக் கால் கிலோ கிழங்கு, அதற்கு மேல் வேண்டாம். இதற்குத் தெர்மாமீட்டர்கூட வேண்டியதில்லை, காது போதும். போட்டதும் சத்தம் சோவென்று எழுந்து, மழை மாதிரி ஒரே சீராக நிற்க வேண்டும். எழுந்த சத்தம் உடனே முனகலாகத் தாழ்ந்துவிட்டால் எண்ணெய் ஆறிவிட்டது, அளவு அதிகம் என்று அர்த்தம். அடுத்த ஈட்டைப் பாதியாக்குங்கள். ஈட்டுக்கு ஈடு எண்ணெய் மறுபடி காயும்வரை காத்திருங்கள்.

### எல்லாம் சரி, அப்படியும் நமுக்கிறது

அப்படியானால் கிழங்குதான். ஒரு சோதனை இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீரில் 110 கிராம் தூள் உப்பைக் கரைத்து, கழுவிய முழுக் கிழங்கை அதில் விடுங்கள். மாவுச்சத்து மிகுந்த கிழங்கு மூழ்கும், அது ஃப்ரைஸுக்கு ஆகும். நீர்ச்சத்து மிகுந்தது மிதக்கும். அதைக் குழம்புக்கு ஒதுக்கிவிடுங்கள்.

தங்கையை வீடியோ காலில் வைத்துக்கொண்டு இதைச் செய்யச் சொன்னேன். இரண்டு கிலோவில் பதினாறு கிழங்கு. ஒவ்வொன்றாக விட்டாள். முதல் கிழங்கு மேலே வந்தது, இரண்டாவதும் வந்தது. பதின்மூன்று கிழங்கு மிதந்தன. அவள் ஒன்றும் பேசாமல் புது வாணலியைத் திரும்பிப் பார்த்தாள்.

கடையில் உப்புத் தண்ணீரோடு நிற்க முடியாது. அங்கே கட்டைவிரலால் தோலைத் தேய்த்துப் பாருங்கள். தோல் சட்டென்று உரிந்து வந்தால் அது புதுக் கிழங்கு, நீர் அதிகம், வேண்டாம். தோல் கெட்டியாக, கொஞ்சம் சொரசொரப்பாக, கையில் எடுத்தால் அளவுக்கு மீறிக் கனக்கிற கிழங்கைப் பொறுக்குங்கள். ரகம் சொல்லி விற்கிற கடை கிடைத்தால் நல்லது. குஃப்ரி சிப்சோனா, குஃப்ரி ஃப்ரைசோனா என்ற ரகங்கள் சிப்ஸுக்கும் ஃப்ரைஸுக்கும் என்றே சிம்லாவில் உள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் உருவாக்கியவை. குஃப்ரி என்பது சிம்லாவுக்குப் பக்கத்தில் இருக்கும் ஊரின் பெயர். குஃப்ரி புக்ராஜ் சீக்கிரம் விளைகிற, ஈரம் மிகுந்த ரகம். அதை வைத்துக்கொண்டு மொறுமொறுப்புக்குப் போராடாதீர்கள்.

கிழங்கை மாற்ற வழியே இல்லை, பிள்ளைகள் காத்திருக்கிறார்கள் என்றால், ஒற்றி எடுத்த அரைக் கிலோ கிழங்கில் இரண்டு டேபிள்ஸ்பூன் அரிசி மாவைத் தூவிக் குலுக்கி, மிச்ச மாவைத் தட்டிவிட்டுப் பொரியுங்கள். மேல்தோல் கெட்டிப்படும். எண்ணெயில் வண்டல் தங்கும், ஆறியதும் வடிகட்ட வேண்டியிருக்கும்.

## நிறம் சட்டென்று கறுக்கிறது

இங்கே இரண்டு வழி பிரிகிறது. முதலில் ஒரே ஒரு துண்டை மட்டும் மிதமான சூட்டில் போட்டுப் பாருங்கள். மெதுவாகப் பொன்னிறமானால் கிழங்கு நல்லது, உங்கள் தீதான் அதிகம். மிதமான சூட்டிலேயே, மொறுமொறுப்பு வரும் முன்பே பழுப்பேறினால் கிழங்கில் சர்க்கரை ஏறியிருக்கிறது.

### தீ அதிகமாக இருந்தால்

வெளியே கருகி உள்ளே நறுக்கென்று பச்சையாக இருக்கும். தடிமனாக நறுக்கியிருந்தாலும் இதே கதைதான், ஆகவே முதலில் அளவைக் குறையுங்கள். அப்புறம் தீ. எண்ணெயில் மரக்கரண்டியின் காம்பை விட்டால் 150 டிகிரியில் சின்னச் சின்னக் குமிழ்கள் சோம்பலாகக் கிளம்பும். 180 டிகிரியில் காம்பைச் சுற்றி விடாமல் சடசடவென்று பொங்கும்.

பழகப் பழகக் கண் சொல்லிவிடும் என்பது உண்மைதான். ஆனாலும் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், கம்பி வைத்த சமையல் தெர்மாமீட்டர் ஒன்றை வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். நான் இந்தச் சமையலுக்காகச் செய்த செலவுகளில் வீண்போகாதது அது ஒன்றுதான். 200 டிகிரிக்கு மேல் காட்டக்கூடியதா என்று பார்த்து வாங்குங்கள். வாங்கியதும் கொதிக்கும் தண்ணீரில் விட்டுச் சோதியுங்கள். சென்னையில் 100 காட்ட வேண்டும், கோவையில் 98, 99. ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அந்த எண்ணைப் பார்த்துத் தெர்மாமீட்டர் பழுது என்று நினைத்துவிடாதீர்கள்.

### கிழங்கில் சர்க்கரை ஏறியிருந்தால்

முதலில் உங்கள் ஃப்ரிட்ஜைத் திறந்து பாருங்கள். உருளைக்கிழங்கு உள்ளே இருக்கிறதா? வெளியே எடுங்கள். அந்தக் குளிரில் கிழங்கின் மாவுச்சத்து சர்க்கரையாக மாறிவிடும், அந்தச் சர்க்கரைதான் எண்ணெயில் கறுக்கிறது. கிழங்கின் இடம் சமையலறையின் இருட்டு மூலை, காற்றோட்டமான கூடை.

நீங்கள் ஃப்ரிட்ஜில் வைக்காவிட்டாலும், வாங்கும் முன்பே அது பல மாதம் குளிர்பதனக் கிடங்கில் இருந்திருக்கலாம். எனக்கு இது தெரியவந்தது எங்கள் தெருக் காய்கறிக்கடையில். மூன்று வாரம் வரிசையாகக் கறுத்த பிறகு போய், "அண்ணா, இது எந்த ஊர்க் கிழங்கு? போன தடவை எல்லாம் கறுத்துப் போச்சு" என்றேன். அவர் ஒரு கிழங்கை எடுத்து நகத்தால் கீறி மோந்து பார்த்தார். "இது கோல்டு ஸ்டோரேஜ் சரக்குங்க. குருமாவுக்கு ஆகும், நீங்க பொரிக்கறதுக்கு ஆகாதுங்க. ஊட்டிக் கிழங்கு வியாழக்கிழமை வரும், அப்ப வாங்க" என்றார். அன்றிலிருந்து கிழங்கு வாங்கும் முன் 'எதற்கு' என்று சொல்லித்தான் கேட்கிறேன். காய்கறிக்காரர்களுக்குத் தெரியும், நாம் கேட்பதில்லை.

வாங்கிவிட்ட கிழங்கைக் காப்பாற்ற மூன்று வழிகள். ஒன்று, பத்து நாள் முதல் இரண்டு வாரம் வெளியே இருட்டில் வைத்திருங்கள். சர்க்கரை ஓரளவு இறங்கும், நம் ஊர் வெயிலில் முளை விடாமல் கவனிக்க வேண்டும். இரண்டு, இன்றைக்கே வேண்டுமென்றால் நறுக்கிய துண்டுகளை, கொதி வருவதற்கு நன்றாக முந்திய சூட்டில், சுமார் 70, 75 டிகிரி வெந்நீரில் பத்து நிமிடம் போட்டு, அந்த நீரைக் கொட்டிவிடுங்கள். வெந்நீரோடு சர்க்கரை கொஞ்சம் போய்விடும். மூன்று, பேசாமல் குருமா.

கறுத்ததைச் சுரண்டிப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள். உருளையை அதிகச் சூட்டில் கறுக்க விட்டால் அக்ரிலமைடு என்ற, உடம்புக்கு ஆகாத பொருள் கூடுகிறது. ஸ்வீடனில் 2002-ல் முதலில் வெளிப்படுத்தியது இது. பொன்னிறத்தோடு நிறுத்துவதற்கு ருசி மட்டும் காரணமல்ல.

## எண்ணெய் குடிக்கிறது

தட்டில் எண்ணெய் தேங்குகிறது, கையில் வழிகிறது. முக்கால்வாசி நேரம் இது ஆறிய எண்ணெய்தான். பஜ்ஜிக்குச் சொல்வதுதான் இதற்கும்: எண்ணெய் காயவில்லை என்றால் குடிக்கும். இரண்டாவது பொரிப்பு 170 டிகிரிக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எடுக்கும் முன் கடைசி அரை நிமிடம் தீயைக் குறைக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. அது வேண்டாம், நல்ல சூட்டிலேயே ஜல்லிக்கரண்டியால் எடுத்து, வாணலிக்கு மேலேயே இரண்டு உதறு உதறுங்கள். பொரித்த ஃப்ரைஸ் எண்ணெயை அதிகம் இழுப்பது வெளியே எடுத்து ஆறும்போதுதான், ஆகவே அந்த உதறலை அலட்சியம் செய்யாதீர்கள்.

மெல்லியதாக நறுக்கினாலும் எண்ணெய் கூடும். துண்டு சிறுக்கச் சிறுக்க எண்ணெய் படுகிற பரப்பு அதிகம்.

இதெல்லாம் சரியாக இருந்தும் குடித்தால் எண்ணெய் பழையது. ஸ்பூனில் எடுத்துச் சாய்த்துப் பாருங்கள். தண்ணீராக ஓடாமல் தேன் மாதிரி இழுத்தால், சிக்கு வாடை அடித்தால், கறுத்திருந்தால், விடுங்கள். சமையல் எண்ணெய் திரும்பத் திரும்பக் காய்ந்து கெடும்போது அதில் சேரும் போலார் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதை மேற்கொண்டு பயன்படுத்தக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 ஜூலை முதல் விதி வைத்திருக்கிறது. அதை அளக்கிற கருவி நம் வீட்டில் இல்லை, அதனால் மூக்கையும் கண்ணையும் நம்பித்தான் ஆக வேண்டும். என் வீட்டில் இரண்டு தடவை, கிழங்கு மட்டும் பொரித்திருந்தால் அதிகம் போனால் மூன்று. பழைய எண்ணெயில் புது எண்ணெய் ஊற்றி இழுத்துக்கொண்டே போவதை என்னால் ஏற்க முடியவில்லை. கொட்டுவதென்றால் பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றாதீர்கள், குழாய் அடைத்துக்கொள்ளும். ஆறியதும் பாட்டிலில் ஊற்றி மூடி வையுங்கள். பழைய எண்ணெயைப் பயோடீசலுக்குச் சேகரிக்கும் ருக்கோ என்ற திட்டத்தை அதே ஆணையம் அதே ஆண்டு ஆகஸ்டில் தொடங்கியது. உங்கள் குடியிருப்பில் யாராவது சேகரிக்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

## உடைகிறது, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது

ஒட்டினால் அலசியது போதவில்லை. ஊறிய தண்ணீரைக் கொட்டும்போது பாத்திரத்தின் அடியைப் பாருங்கள், வெள்ளையாக மாவு படிந்திருக்கும். தண்ணீர் தெளிவாக வரும்வரை இரண்டு மூன்று முறை அலசுங்கள். எண்ணெயில் போட்ட முதல் அரை நிமிடம் கரண்டியை விடாதீர்கள், ஒட்டிக்கொள்ளும் முன் மெதுவாகக் கிளறிப் பிரியுங்கள்.

உடைந்தால், முதல் பொரிப்பில் அதிக நேரம் விட்டிருப்பீர்கள், அல்லது ஆறும் முன் கிளறியிருப்பீர்கள். சூடான கிழங்கு தொட்டாலே முறியும். தட்டில் கொட்டாமல் ஜல்லிக்கரண்டியால் சறுக்கிவிடுங்கள்.

அடிக்கடி உடைகிறவர்களுக்கு ஒரு கைவைத்தியம் உண்டு. ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு டேபிள்ஸ்பூன் வினிகர் விட்டு, நறுக்கிய துண்டுகளை அதில் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு வடித்து, பரப்பி உலர்த்தி, அப்புறம் பொரியுங்கள். புளிப்பில் வெந்த கிழங்கு குழையாது. புளி விட்டபின் உருளை வேக மறுப்பதைக் குழம்பில் பார்த்திருப்பீர்களே, அதே சங்கதிதான். வினிகர் வாசனை எண்ணெயில் போய்விடும்.

## எண்ணெய் பொங்குகிறது, தெறிக்கிறது, புகைகிறது

இதில் மட்டும் வரிசையெல்லாம் பார்க்க வேண்டாம். முதலில் அடுப்பை அணையுங்கள், அப்புறம் காரணம் தேடலாம்.

தெறித்தால் ஈரம், அல்லது பொரிக்கும் முன்பே உப்புப் போட்டு நீர் விட்டிருக்கிறது. நுரைத்துப் பொங்கினால் அலசாத மாவு, அல்லது பழைய எண்ணெய். நுரை வாணலி விளிம்பு வரை ஏறி அடங்காமல் நின்றால் அந்த எண்ணெயின் ஆயுள் முடிந்தது. வாணலியில் பாதிக்கு மேல் எண்ணெய் ஊற்றவே கூடாது. காயும் முன்பே புகைந்தால் எண்ணெயின் வகையைப் பாருங்கள். செக்கு எண்ணெய் வாசனைக்கு அருமை, ஆனால் ரீஃபைண்டை விட வெகுவாக முன்னதாகவே புகைந்துவிடும். 180 டிகிரி வேலைக்கு அது வேண்டாம்.

எண்ணெய் தீப்பிடித்தால்: கேஸை மூடுங்கள், வாணலியைத் தட்டையான உலோக மூடியால் மூடுங்கள், ஆறும்வரை திறக்காதீர்கள். தண்ணீர் ஊற்றக்கூடாது, ஊற்றினால் தீ கூரைக்குத் தாவும். வாணலியைத் தூக்கிக்கொண்டு ஓடவும் கூடாது. ஒரு மூடியில் அடங்கவில்லை என்றால் எல்லோரும் வெளியே வந்து 101-ஐக் கூப்பிடுங்கள்.

கையில் பட்டால் ஓடும் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் பிடியுங்கள். பற்பசை, இட்லி மாவு, மை எதுவும் தடவாதீர்கள். உள்ளங்கை அளவுக்கு மேல் வெந்திருந்தாலோ, முகத்திலோ மூட்டிலோ பட்டிருந்தாலோ, குழந்தைக்குப் பட்டிருந்தாலோ மருத்துவமனைதான், 108.

## பாக்கெட் ஃப்ரைஸ் சரியாக வரவில்லை

இவை ஏற்கெனவே ஒருமுறை பொரித்து உறைய வைத்தவை. இதில் எல்லோரும் செய்யும் ஒரே தப்பு, வெளியே எடுத்து இளகவிடுவது. இளகினால் நீர் கசிந்து தொளதொளவென்று ஆகிவிடும். ஃப்ரீசரிலிருந்து நேராக 180 டிகிரி எண்ணெய்க்குப் போக வேண்டும். ஒட்டியிருக்கும் பனித்துகளை முதலில் உதறிவிடுங்கள், இல்லையென்றால் தெறிக்கும். அளவு இன்னும் குறைவாகப் போடுங்கள், உறைந்த கிழங்கு எண்ணெயைச் சீக்கிரம் ஆற்றிவிடும். பாக்கெட்டுக்குள் எல்லாம் ஒரே கட்டியாக இருந்தால் கடையிலோ வழியிலோ ஒருமுறை இளகி மறுபடி உறைந்திருக்கிறது, திருப்பிக் கொடுங்கள்.

## ஏர் ஃப்ரையரில் காய்ந்து போகிறது, அல்லது வெளிறிக் கிடக்கிறது

காய்ந்து போனால் எண்ணெய் போதவில்லை. அரைக் கிலோவுக்கு ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய் பிசிறியே தீர வேண்டும். எண்ணெயே இல்லாமல் ஃப்ரைஸ் என்பதை நான் நம்பவில்லை. 180 டிகிரியில் பன்னிரண்டு நிமிடம், குலுக்கிவிட்டு 200 டிகிரியில் ஐந்து முதல் எட்டு நிமிடம். கூடையில் ஒரு அடுக்கு, கொஞ்சம் மேலே போனாலும் பரவாயில்லை, குவியல் கூடாது.

வெளிறிக் கிடந்தால் முதலில் அளவைக் குறைத்துப் பாருங்கள். அடுத்து மின்சாரம். இரவு ஏழு மணிக்கு மட்டும் இப்படி ஆகிறது, மத்தியானம் நன்றாக வருகிறது என்றால் மின்னழுத்தம் குறைகிறது. 230 வோல்ட்டுக்குப் பதில் 200 வந்தால் சூடு முக்கால் பங்காகிவிடும். மத்தியானத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள், தெரு முழுக்க விளக்கு மங்கினால் மின்வாரியத்தில் புகார் கொடுங்கள்.

அப்படியும் ஆகவில்லை என்றால், காலியாக 180-ல் பத்து நிமிடம் ஓடவிட்டு, திறந்ததும் தெர்மாமீட்டரை உள்ளே நீட்டுங்கள். பத்துப் பதினைந்து டிகிரி முன்பின் இருப்பது சகஜம். இரண்டு மூன்று தடவை பார்த்தும் 150-ஐத் தொடவில்லை என்றால் சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப் போங்கள், நீங்களே திறக்காதீர்கள். பிளக் சுடுகிறதா என்பதையும் கவனியுங்கள். 1,500 வாட் கருவி ஆறரை ஆம்பியர் இழுக்கும். அதைச் சின்ன 6 ஆம்பியர் பாயிண்டில் செருகக் கூடாது. 16 ஆம்பியர் பாயிண்ட் இல்லாவிட்டால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

## உப்பு ஒட்டவில்லை

எடுத்த அரை நிமிடத்துக்குள், எண்ணெய் மினுமினுப்பு இருக்கும்போதே தூள் உப்பு. கல்லுப்பு என்றால் மிக்ஸியில் ஒரு சுற்று. ஆறியபின் போட்டால் தட்டின் அடியில்தான் கிடக்கும்.

## கசக்கிறது

பச்சை நிறம் ஏறிய கிழங்கு. வெளிச்சத்தில் கிடந்தால் இப்படி ஆகும், சோலனின் என்ற நஞ்சு கூடியிருக்கும். பொரித்தாலும் அது போகாது. பச்சை ஓரத்தில் மட்டும் லேசாக இருந்தால் தடிமனாகச் சீவிவிடலாம். உள்வரை பச்சை இறங்கியிருந்தாலும், நிறைய முளை விட்டுச் சுருங்கியிருந்தாலும், வாயில் வைத்ததும் கசந்தாலும் முழுசாகக் குப்பையில் போடுங்கள். தின்றபின் யாருக்காவது வாந்தி, வயிற்றுவலி வந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

## எண்ணெய் காயவே மாட்டேன் என்கிறது

நிறமே வராமல் வெளிறி, எண்ணெயில் ஊறி வருகிறது, அளவும் சரியாகத்தான் போடுகிறீர்கள். அப்போது அடுப்பு.

தீயைப் பாருங்கள். நீலமாகக் குத்திட்டு எரிய வேண்டும். ஒரு பக்கம் மட்டும் எரிந்தால் பால் பொங்கி வழிந்து துவாரம் அடைத்திருக்கிறது. அடுப்பு ஆறியபின் பர்னரைக் கழற்றி, ஊசியால் துவாரங்களைக் குத்தி, கழுவி, நன்றாக உலர்த்தி மாட்டுங்கள். தீ மஞ்சளாக, பாத்திரத்தில் கரி பிடிக்க எரிந்தாலும் முதலில் இதையே செய்யுங்கள். எல்லாப் பர்னரிலும் தீ சிறுத்திருந்தால் சிலிண்டர் தீரும் நேரமா, ஹோஸ் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். அந்த ஆரஞ்சு நிற ஹோஸை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், அதன்மேலேயே தேதி அச்சடித்திருக்கும்.

இண்டக்‌ஷன் அடுப்பென்றால் அது காட்டும் எண்ணை நம்பாதீர்கள். அதன் உணரி கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது, எண்ணெயின் சூடு வேறு. அடி தட்டையாக இல்லாத வாணலியில் இந்த வித்தியாசம் இன்னும் கூடும்.

பர்னரைக் கழுவியும் தீ மஞ்சளாகவே இருந்தால், ரெகுலேட்டர் சீறினால், கேஸ் ஏஜென்சியின் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். நீங்களே ஸ்பேனர் எடுக்க வேண்டாம். கேஸ் வாடை அடித்தால் எந்தச் சுவிட்சையும் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்து, வெளியே போய் 1906-க்குப் போன் செய்யுங்கள், இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள்.

மெக்கானிக் பர்னரை மாற்றிக் கொடுத்த அன்று பழைய கணக்கிலேயே பொரிக்க உட்காராதீர்கள். தீ கூடியிருக்கும், எண்ணெய் பாதி நேரத்தில் காய்ந்துவிடும். ஒரே ஒரு துண்டைப் போட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் முதல் ஈட்டைப் போடுங்கள்.